மூன்றாம் நம்பர்க்காரி வாங்கிய கார்டு

சுங்கச்சாவடியில் அவளுக்கு மூன்றாம் நம்பர் கூண்டு. பேரைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிடுவதில்லை, மூன்றாம் நம்பர்க்காரி என்றால்தான் தெரியும். நாள் முழுக்க அடுத்தவன் காருக்குக் கட்டையைத் தூக்கிவிடும் வேலை. நாக்கில் விரலை நனைத்து, அந்த எச்சில் விரலாலேயே நோட்டை எண்ணி அவள் கையில் வைப்பார்கள். சீ, என்ன ஜென்மங்களோ என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கிப் போடுவாள். வீட்டுக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

கழுவிய கையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். கார் பந்தய விளையாட்டு. சனிக்கிழமைதோறும் அணியாகச் சேர்ந்து ஓட்டுவார்கள். வளைவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் கார்கள் கும்பலாக நுழைகிற வளைவு வந்தால் அவள் திரையில் படம் விக்கி விக்கி நின்றுவிடும். மறுபடி ஓடத் தொடங்குவதற்குள் கார் சுவரில் மோதியிருக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அணித் தலைவி, "ஒரு கார்டு வாங்கிப் போடுங்க, இல்லேன்னா உங்க இடத்துக்கு வேற ஆளைத்தான் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

படத்தை விக்காமல் ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு வாங்குவது லேசுப்பட்ட காரியமா? அவளிடம் இருந்ததெல்லாம் அந்த வருடத்து போனஸ்தான். ஒரு கடைக்காரன் கலர் கலராக விளக்கெரிகிற கார்டைக் காட்டி, "பையனுக்கா மேடம்?" என்றான். இன்னொருவன் ராப்பகலாக ஓடித் தேய்ந்துபோன பழைய கார்டைத் துடைத்து, புது டப்பாவில் போட்டு நீட்டினான். மூடியைத் திறந்ததும் கருகிய தூசி நாற்றம் மூக்கில் ஏறியது. இரண்டு பேரையும் மனசுக்குள் கழுவிக் கழுவி ஊற்றிவிட்டு அவளே உட்கார்ந்து படித்தாள். தன் திரை சின்னது, அதற்குப் பெரிய கார்டு தண்டம். இருக்கிற பவர் சப்ளை தாங்குமா என்று பார்த்தாள், பெட்டிக்குள் கார்டின் நீளம் நுழையுமா என்று டேப் வைத்து அளந்தாள். கடைசியில் விளக்கும் மினுக்கும் இல்லாத, நடுத்தரமான ஒரு புதுக் கார்டை வாங்கினாள்.

மாட்டிக் கொடுக்க வந்தவன் தம்பி. மொபைல் கடையில் கவர் விற்கிறவன், அதனால் குடும்பத்துக்கே இன்ஜினியர். "இதையா வாங்கின? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா" என்று முனகிக்கொண்டே மாட்டிவிட்டுப் போனான். படம் பழையபடியே விக்கியது. "அன்னைக்கே சொன்னேனே, கார்டு சரியில்ல" என்றான். நாலு மாதம் இதே பாட்டுதான். வந்தவர் போனவரிடமெல்லாம், "அக்கா ஊரெல்லாம் தேடி ஒரு டப்பாவை வாங்கியிருக்கு" என்று சொல்லிப் பல்லை இளித்தான். கடைசியில் அணியிலிருந்தும் அவளைத் தூக்கிவிட்டார்கள். இந்தக் கார்டே வேண்டாம் என்று அவளும் சொல்லத் தொடங்கினாள். அந்த வாரம் வந்த தம்பி பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தான். பிறகு, "வேணும்னா பாதி விலைக்கு நான் எடுத்துக்கறேன், உனக்காக" என்றான். எடுத்துத் தொலை என்றுவிட்டாள். அவனும் பணத்தைக் கொடுத்து, கரண்ட் வயரை மட்டும் பிடுங்கிவிட்டு, கார்டைக் கழற்றிக்கொண்டு போனான்.

மறுநாள் ஏதோ பழக்கத்தில் கரண்ட் வயரைச் சொருகிக் கம்ப்யூட்டரைப் போட்டாள். படம் வந்தது. பந்தயத்தை ஓட்டிப் பார்த்தாள், அதே வளைவில் அதே விக்கல். கார்டு போய்விட்டது, திரையின் கேபிளை யாரும் தொடவில்லை, பிறகு படம் எங்கிருந்து வருகிறது? பெட்டியைத் திருப்பினாள். கேபிள் மேலே, கம்ப்யூட்டரின் சொந்தத் துளையில் இருந்தது. கார்டு இருந்த இடம் அதற்குக் கீழே வெறுமையாகத் தெரிந்தது. கார்டில் சொருக வேண்டிய கேபிளை அந்த மகாராசன் முதல் நாளே மேலே சொருகியிருக்கிறான். இத்தனை மாதமும் கார்டு சும்மாவே உட்கார்ந்திருந்திருக்கிறது.

போன் போட்டாள். "கேபிளை எங்கடா சொருகின?"

"அன்னைக்குக் குனிஞ்சப்பதான்க்கா பார்த்தேன். நீதான் வேணாம் வேணாம்னு இருந்தே. சரி, வெளிய யாருக்கோ போறதுக்கு நம்ம வீட்டுலயே இருக்கட்டுமேன்னு..."

பக்கத்தில் நின்ற அம்மா, "விடுடி, தம்பிதானே" என்றாள்.

எச்சில் நோட்டை வாங்கும்போதுகூட அவளுக்கு இப்படி உடம்பு கூசியதில்லை. சோப்புப் போட்டால் போகிற அசிங்கமா இது? அவன் கொடுத்த பணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரோடு கிளம்பினாள்.

தம்பி வீட்டுத் திரையில் படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. தான் தேடிப் பிடித்த கார்டு இப்படித்தான் ஓடும் என்று வாங்கின அன்றைக்கே அவளுக்குத் தெரியும். பணத்தை மேஜையில் வைத்தாள்.

"அக்கா, ஆட்டம் பாதியில இருக்கு" என்றான் தம்பி.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவிட்சை அணைத்து, கார்டைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். பிறகு தொங்கிக்கொண்டிருந்த கேபிளை எடுத்து, தன் கையாலேயே மேல் துளையில் சொருகினாள்.

"நாலு மாசம் இப்படியே ஆடு. அப்புறம் எது நல்ல கார்டுன்னு வந்து எனக்குச் சொல்லு."