மடையில் ஆளில்லாத காலை

சென்ற தை மாதத்தில், தண்ணீர்ச் சிக்கனத்தையும் உடல்நலத்தையும் வலியுறுத்திப் பாலக்காட்டு நகரில் ஒரு மாரத்தான் ஓட்டம் நடைபெற்றது. அதில் மூத்தோருக்கென ஒதுக்கப்பட்ட மூன்று கிலோமீட்டர் நடையில் நானும் கலந்துகொண்டேன். அதே காலையில், என் இரண்டு ஏக்கர் நெற்பயிருக்குக் கிடைத்திருக்க வேண்டிய கடைசித் தண்ணீர் கிடைக்காமல் போயிற்று. இதைக் குறித்துக் கேட்டவர்களுக்கு உரிய விடை அளித்திருக்கிறேன். நானாக எவரிடமும் பேச்செடுத்ததில்லை. எழுதிவைத்தல் பேசுவதைக் காட்டிலும் எளிதென்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

எங்கள் நிலம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, ஒரு கிளைவாய்க்காலின் நடுப்பகுதியில் இருக்கிறது. அந்த வாய்க்காலில் தண்ணீர் முறைவைத்து வரும். இன்ன கிழமை இன்ன மணிக்கு இன்னாருடைய மடை என்று வாய்க்கால் விவசாயிகள் சங்கத்தின் பலகையில் எழுதியிருக்கும். மணி வந்ததும் மடையை அடைத்திருக்கும் மண்ணை மண்வெட்டியால் வெட்டித் திறக்க வேண்டும். இதில் எழுதப்படாத விதியொன்று உண்டு. ஒருவருடைய மடையை மற்றொருவர் தாமாக வெட்டலாகாது. நிலத்துக்குரியவரோ அவர் வீட்டு ஆள் ஒருவரோ வரப்பில் வந்து நின்று, வெட்டச் சொல்ல வேண்டும். முன்னொரு காலத்தில் யாரோ உதவியென்று எண்ணி அடுத்தவர் மடையைத் திறக்க, வரப்பு உடைந்து, இரு குடும்பங்கள் பல வருடம் பேசாமலிருந்தனவாம். அதிலிருந்து ஏற்பட்ட வழக்கம். வாய்க்காலில் வந்த தண்ணீர் எவருக்காகவும் காத்திருக்காது என்பது மற்றொரு விதி. அரைமணி நேரத்தில் மடை திறக்கப்படாவிட்டால் அது கீழ்மடைக்குப் போய்விடும். போனதைத் திரும்பக் கேட்கவும் கூடாது.

நான் அச்சங்கத்தின் செயலாளன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவனாயினும், வாசகசாலையில் படித்துப் படித்து ஒருவாறு எழுதவும் மேடையில் பேசவும் கற்றுக்கொண்டேன். ஆகையால் கூட்டங்களுக்கும் அலுவலகங்களுக்கும் நானே போவது வழக்கம். அவ்வாறு போகும் நாட்களில், பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் “மடையைப் பார்த்துக்க மாப்ள” என்று சொல்லிவிட்டுப் புறப்படுவேன். அவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். உறவில்லை. என்னை மாமா என்றும் என் மனைவியை அக்கா என்றும் அழைப்பவர். திரும்பி வரும்போது வயலில் தண்ணீர் நிற்கும். நாற்பது வருடங்கள் இப்படியே கழிந்தன.

ஆடி மாதத்தில் என் மனைவி காலமானார். பத்து நாள் காய்ச்சல், பிறகு நான்கு நாள் ஆஸ்பத்திரி. திருப்பூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் எங்கள் மகள் ஒரு மாதம் உடனிருந்துவிட்டுச் சென்றாள். அதன்பின் நாற்று விட்டேன், நட்டேன், களை எடுக்கச் செய்தேன். எல்லாம் அததன் காலத்தில் நடந்தன. துக்கமாக இருக்கிறதா என்று வந்தவர்கள் கேட்டபோது, இருக்கிறது என்றேன். அவ்வாறு சொல்வதே முறையென்று பட்டது. உண்மையில், உணர்ச்சியற்றுப்போன காலின்மீது நிற்பதுபோல் இருந்தது. நிற்க முடிந்தது.

மார்கழிக் கடைசியில் நகரிலிருந்து தொலைபேசியில் ஒருவர் அழைத்தார். ஓட்டத்தை நடத்தும் குழுவின் செயலாளர். நகரின் பழைய அக்கிரகாரத்தைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. வாய்க்கால் விவசாயி ஒருவர் மேடையில் இரண்டு நிமிடம் பேசி, மூத்தோர் நடையிலும் கலந்துகொண்டால் சிறப்பாக இருக்கும் என்றார். ஒப்புக்கொண்டேன். மறுப்பதற்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது, ஒப்புக்கொள்வதற்குத் தேவைப்படுவதில்லை.

ஓட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் முறையும். பயிர் பால் பிடிக்கும் பருவத்தில் நின்றது. அணையில் நீர் குறைந்துவிட்டபடியால் அம்முறையோடு வாய்க்கால் அடைபடும் என்று அறிவிப்பு வந்திருந்தது. அந்த ஒரு நனைப்புக் கிடைத்தால் நெல், கிடைக்காவிட்டால் பதர். ஆனால் என் மடைக்குரிய நேரம் பகல் பன்னிரண்டு மணி. பத்து மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கிட்டேன். முதல்நாள் மாலை பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் சொல்லிவைத்தேன்.

“ஏனுங் மாமா, நடக்கறதுக்குப் பாலக்காட்டுக்குப் போகோணுங்களா? நம்ம வாய்க்கால் மேட்டுல நடந்தா ஆகாதுங்களா?” என்றார் அவர்.

“அங்க பனியன் குடுக்கறாங்க மாப்ள.”

“அப்பச் செரி. எனக்கொண்ணு சேர்த்து வாங்கியாங்க. பெரிய சைசா. வகுறு கொள்ளோணும்.”

“மடையைப் பார்த்துக்க.”

“பார்த்துக்கறனுங்க. நீங்க பையப் போய்ட்டு வாங்க.”

இருவரும் எப்போதும் பேசுவதையே பேசினோம். அதில் ஒரு குறை இருப்பதாக இருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் புறப்பட்டுக் கோட்டை மைதானத்தை அடைந்தேன். நீல நிறப் பனியன் அணிந்த கூட்டம் திரண்டிருந்தது. ஒலிபெருக்கியில் மலையாளத்தில் ஒரு பெண் எண்களை வாசித்துக்கொண்டிருந்தார். பைகளைப் பெற்றுக்கொள்ளும் மேசையில் என் துணிப்பையையும், அதனுள் இருந்த சட்டை, செல்பேசி ஆகியவற்றையும் ஒப்படைத்து, ஓர் அட்டையைப் பெற்றேன். வேட்டியின்மேல் பனியனை அணிந்துகொண்டேன். குழுச் செயலாளர் கைகூப்பிக்கொண்டு வந்தார்.

“வரணும், வரணும். இத்தனை தூரத்துலேர்ந்து முதல் ஆளா வந்துட்டேள். இங்கே பக்கத்துத் தெருக்காரா இன்னும் காப்பி குடிச்சிண்டிருக்கா.”

“நான் ஓட வேண்டியதில்லைங்களே?”

“ஓடறதாவது! நானே ஓடப் போறதில்லை. மெள்ள நடந்தாப் போறும். முன்னாலே போறவா முதுகைப் பார்த்துண்டே நடக்கணும், அவ்வளவுதான் மாரத்தான்.”

மேடையில் நான் பேசியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் கிளைவாய்க்காலில் தண்ணீர்த் திருட்டு என்பதே இல்லை என்றேன். உரியவர் வந்து நிற்காமல் அடுத்தவர் மடையில் ஒருவரும் மண்வெட்டி வைப்பதில்லை, அந்தக் கட்டுப்பாடே எங்கள் சிக்கனம் என்றேன். ஓர் இளைஞர் அதை மலையாளத்தில் எடுத்துரைத்தார். நன்றாகக் கைதட்டினார்கள். அப்போது மணி ஏழேகால் இருக்கும்.

நடை தொடங்கியது. செயலாளர் என்னுடனேயே வந்தார். சாலையின் இருபுறமும் பள்ளிப் பிள்ளைகள் தண்ணீரைக் காக்கச் சொல்லும் அட்டைகளைப் பிடித்திருந்தனர். ஒரு மேசையில் காகிதக் குவளைகளில் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஓடுகிறவர்கள் ஒரு வாய் குடித்து மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு, குவளையை வீசிவிட்டு ஓடினர். தார்ச்சாலை கொஞ்ச தூரம் நனைந்திருந்தது. அதைப் பார்த்து நான் வருந்தியிருக்க வேண்டும். வருந்தியதாக நினைவில்லை. ஈரத்தில் வழுக்காமல் கால் வைத்தேன்.

“நேக்கு சுகர். நடந்தா இறங்கும்னு ஆத்திலே அனுப்பிச்சுடறா. நடந்துட்டுப் போய் நாலு தோசை தின்னா எங்கேர்ந்து இறங்கும், கேட்டேளா? அவளே நெய்யும் விடறா” என்றார் அவர்.

நான் சிரித்தேன்.

“உங்காத்திலே எல்லாரும் சௌக்கியந்தானே?”

“சௌக்கியங்க” என்றேன்.

பொய் சொல்லும் எண்ணமில்லை. அந்தக் கேள்விக்கு நாற்பது வருடமாக அதுவே விடை. வாய் அதைச் சொல்லிவிட்டது. திருத்தலாமா என்று யோசிப்பதற்குள் அவர் வேறொருவருக்கு வணக்கம் சொல்லத் திரும்பிவிட்டார்.

முடிவுக்கோட்டில் கழுத்தில் ஒரு பதக்கத்தை மாட்டினார்கள். பையைப் பெற்றுச் செல்பேசியை எடுத்தபோது பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமிருந்து பதினோரு அழைப்புகள் வந்திருந்தன. நான் அழைத்தேன். அவர் எடுத்ததும், “வந்துருங் மாமா” என்று மட்டும் சொன்னார்.

நடந்தது இதுதான். எனக்கு மேல்மடையில் இருப்பவர் முன்பட்டமாக நட்டவர். அவர் பயிர் முற்றி, அறுவடைக்காக வயல் காய வேண்டியிருந்தது. தண்ணீர் வேண்டாம் என்று காலையிலேயே அவர் சொல்லிவிட, அவருடைய ஐந்து மணி நேரமும் கழிந்து, என் முறை பன்னிரண்டிலிருந்து ஏழு மணிக்கு வந்துவிட்டது. அவருடைய கதிர் பழுத்திருந்ததை நான் தினமும் கண்டவன்தான். கணக்கில் சேர்க்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தாகவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் என் மடையருகே குந்தியிருந்தார். மண்வெட்டியில் மண் ஒட்டியிருக்கவில்லை.

“எத்தனை தடவைங் மாமா கூப்படறது? மணி அடிக்குது, எடுக்கவே மாட்டீங்கறீங்க.”

“பையில இருந்துச்சு மாப்ள.”

“லஸ்கரு அரைமணி நேரத்துக்கு மேலயே நின்னாப்ல. ‘நீ வெட்டப்பா, பேச்சு வந்தா நான் பார்த்துக்கறேன்’னாப்ல.” லஸ்கர் என்பது வாய்க்கால் காவலரை நாங்கள் அழைக்கும் பெயர். “நான் எப்படிங்க வெட்டறது? ஊட்டு ஆளு ஒருத்தருமே நிக்கலியே.”

“உங்கிட்டத்தான சொல்லிட்டுப் போனேன்.”

“சொன்னீங்க. எப்பவுந்தான் சொல்லிட்டுப் போவீங்க. அக்கா வந்து வரப்புல நிக்கும். ‘வெட்டு சாமி’ங்கும். அப்புறந்தான வெட்டுவேன்.” மண்வெட்டியைக் கீழே வைத்தார். “ஏழு மணிக்கு மம்பட்டியத் தூக்கிட்டு வந்து, உங்க ஊட்டுப் பக்கந்தானுங் மாமா பார்த்துட்டு நின்னேன். ரொம்ப நேரங் கழிச்சுத்தான் புத்தியில பட்டுச்சு.”

நாற்பது வருடமாக நான் ஊரில் இல்லாத நாட்களில் என் மடையைத் திறந்தது என் ஏற்பாடு என்று எண்ணியிருந்தேன். என் மனைவி வந்து நின்றதால் திறக்கப்பட்டது. அதை அவர் ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய செய்தியாக அவருக்குத் தோன்றியிராது.

பக்கத்துத் தோட்டத்துக்காரரை நான் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்குமென்று பின்னர் உணர்ந்தேன். வயலில் இறங்கி நின்றேன். மண்ணில் விரல் நுழையுமளவு வெடிப்பு விட்டிருந்தது. சாப்பிடும் நேரமாகியும் நின்றுகொண்டிருந்ததாக அவர் சொன்னார். எனக்கு அவ்வளவு நேரமாகத் தெரியவில்லை.

ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரைப் போட்டுப் பார்த்தோம். சிறிது நேரம் ஓடிவிட்டுக் காற்றை இழுத்தது. இரண்டு மணி நேரம் விட்டு மறுபடியும் போட்டோம். இப்படி மூன்று நாட்கள், அவர் தம் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, மோட்டார் கொட்டகை வாயிலில் உட்கார்ந்திருந்தார். கிணற்றை ஒட்டிய ஒரு சிறு வயல் மட்டும் நனைந்தது. மீதி வயல்களில் கதிர்கள் வெளுத்து நிமிர்ந்து நின்றன. மணி பிடித்த கதிர் தலை சாயும். சில கதிர்களை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினேன். எல்லாம் பறந்தன.

மாசி முதல் வாரத்தில் சங்கக் கூட்டம் நடந்தது. செயலாளன் என்ற முறையில் நானே ஒரு தீர்மானத்தை முன்வைத்தேன். வீட்டில் ஒருவர் மட்டுமே உள்ள விவசாயி, முதல்நாளே வாய்மொழியாகச் சொல்லிச் சென்றால், அவர் வந்து நிற்காவிட்டாலும் அவர் குறிப்பிட்டவர் மடையை வெட்டலாம் என்பது அதன் பொருள். நல்ல நடையில் எழுதி வாசித்தேன்.

மேல்மடைக்காரர், “அது செரிங்க. அப்படி ஒத்தை ஆளா இருக்கற ஊடு நம்ம வாய்க்கால்ல எத்தனைங்க?” என்று கேட்டார். அவர் மனத்தில் கெடுதல் ஏதுமில்லை.

தலை முதல் கடை வரை ஒவ்வொரு மடையாக மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். மற்றவர்களும் எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

“ஒண்ணு” என்றேன்.

“ஒரு ஊட்டுக்காகப் பொதுவா ஒரு சட்டம் போடறதுங்களா?” என்றார் அவர், தயங்கியபடி. அவர் சொன்னதில் நியாயமிருந்தது. தீர்மானத்தை அடித்துவிடலாமென்று பேனாவை எடுத்தேன்.

பின்வரிசையிலிருந்து பக்கத்துத் தோட்டத்துக்காரர் எழுந்தார். “சட்டமெல்லாம் எதுக்குங்க? மடைக்கு ஊட்டு ஆளு வேணும், அவ்வளவுதான? மாமா ஊட்டு ஆளுன்னு எம் பேரை எழுதிக்குங்க. நான் நின்னு, நானே வெட்டிக்கறேன்.”

“அப்ப அவரு செத்தா மொட்டையும் நீதான அடிக்கோணும்” என்று ஒருவர் கேலி செய்தார்.

“அடிச்சுட்டாப் போகுது. முடி எங்க இருக்குது?” என்று தம் தலையைத் தடவிக் காட்டினார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

தீர்மானப் புத்தகத்தின் பின்பக்கத்தில் மடைவாரியாக வீட்டு ஆட்களின் பட்டியல் இருக்கிறது. என் மடைக்கு நேரே இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டும் என் கையெழுத்து. இரண்டாவது பெயரை அடிக்கவில்லை. அதன் கீழே இடமிருந்தது. அவருடைய பெயரை முதலெழுத்துடன் எழுதினேன். “இனிஷியல் செரியாப் போட்டீங்களா?” என்று எட்டிப் பார்த்தார். சரியாகப் போட்டிருந்தேன். நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தது. அடுத்த பொருளுக்குச் சென்றேன்.

மறுவாரம் பயிரை வைக்கோலுக்காக அறுத்தோம். கிணற்றோர வயலில் மட்டும் ஒரு மூட்டைக்குக் குறைவாக நெல் கிடைத்தது. அதைத் தூற்றும்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு பக்கம் முறத்தைப் பிடித்தார். அரிசியாக்குவதா, விதைக்கு வைப்பதா என்று கேட்டார். விதைக்கு வைக்கச் சொன்னேன். ஏன் அவ்வாறு சொன்னேன் என்பது எனக்குத் தெரியவில்லை.