உப்பு அரித்த பாதம்

எங்கள் பங்குக் கோவில் இன்று மூன்றாம் உருவில் நிற்கிறது. முதலாவது ஓலைக் கூரை என்பர். அதற்கு வாய்மொழியன்றிச் சான்றில்லை. இரண்டாவது செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்தது. அதில்தான் நான் திருமுழுக்குப் பெற்றேன், மணம் முடித்தேன், என் மனைவியின் உடலை வைத்து இறுதியாக மன்றாடியதும் அங்கேதான். பாபநாசத்து அணை நிரம்பி வழிந்த ஒரு மழைக்காலத்தில் தாமிரவருணி அதனுள் புகுந்தது. நீர் வடிந்தபின் பார்த்தால் வடக்குச் சுவர் வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தது. இடித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்பதை நானும் ஏற்றேன்.

ஆனால் இடிப்பதற்கு முன் எடுக்க வேண்டியவை இரண்டு இருந்தன. ஒன்று, பீடத்துக்கு முன்னிருந்த வளைவின் மேல் தீட்டப்பட்ட யோர்தான் ஆற்று ஓவியம். யோர்தானை ஒருபோதும் கண்டிராத ஓவியர், தமக்குத் தெரிந்த ஆற்றையே வரைந்திருந்தார். கரையில் மருதமரங்கள், கீழே படித்துறை, பாறைமேல் ஒற்றைக்கால் நாரை. சிறுவயதில் நீண்ட மறையுரைகளை நான் பொறுத்துக்கொண்டது அந்த நாரையின் துணையால்தான். ஓவியத்தைக் காரையோடு பெயர்க்க இயலுமா என்று பார்க்க ஆள் வருவதற்குள், வளைவு தானே சரிந்து விழுந்தது. நாரையின் கால் மட்டும் தெரியும் ஒரு துண்டு இன்று என் மேசைமேல் இருக்கிறது.

அன்றே உறுதி பூண்டேன். மிஞ்சியிருந்த ஒரே கலைப்பொருளாகிய மரச் சுரூபம் புதிய கோவிலின் நடுப்பீடத்தில் நின்றே தீர வேண்டும்.

அது மிக்கேல் அதிதூதரின் உருவம். ஒரே வேங்கை மரத்தில் செதுக்கியது. வலக்கையில் வாள், இடக்கையில் துலாக்கோல். முகத்தில் சினமில்லை, நிறுத்துப் பார்ப்பவனின் கவனம் மட்டுமே உண்டு. காலடியில் கிடக்கும் சாத்தானாம் அலகையின் பிதுங்கிய விழிகளும் சுருண்ட பிடரியும் கோவில் தூண்களில் நாம் காணும் யாளிக்கு உரியவை. செதுக்கியவர் தேர்வேலை அறிந்த இந்நாட்டுத் தச்சர் என்பதற்கு எனக்கு அதுவே போதும்.

புதிய கோவில் எழும்வரை சுரூபத்தைப் பள்ளிக்கூட அறையில் வைத்திருந்தோம். அங்கே அதன் பட்டாடையைக் கழற்றித் துடைத்தபோதுதான் கேடு தெரிந்தது. பாதமும் பீடக்கட்டையும் நார் நாராகப் பிரிந்திருந்தன. அவற்றை இணைத்த இரும்பாணிகள் துருவேறிப் பருத்து மரத்தையே பிளந்திருந்தன. பிளவெங்கும் வெண்பூப் படிந்திருந்தது. விரலில் தொட்டு நாவில் வைத்தேன். உப்பு.

எங்கள் பக்கத்தில் உப்பும் மிளகும் அதிதூதருக்கு உரிய நேர்ச்சை. நோய் தீர்ந்தவர்கள் கைநிறைய அள்ளி வந்து அவர் பாதத்தில் வைப்பார்கள். அந்த உப்பு காற்றின் ஈரத்தை உண்டு, உண்டதை மரத்துக்கும் ஆணிக்கும் ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. வெள்ளம் செய்யாததை எங்கள் பக்தி செய்திருந்தது.

கட்டுமானக் குழு கூடியது. குழுத்தலைவர் அரிசி ஆலை நடத்தும் அண்ணாச்சி. அவரும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஆகையால் பொதுக்கூட்டத்திலும் 'வே' போட்டே பேசுவார். சிதைந்த சுரூபத்தைக் கல்லறைத் தோட்டத்தில் முறைப்படி புதைத்துவிட்டு, கண்ணாடி இழையில் புதிதாக வார்த்த சுரூபத்தைப் பீடத்தில் ஏற்றுவதே வழக்கம் என்றார். அர்ச்சித்துப் புனிதமாக்கிய பொருள் பழுதுபட்டால் புதைப்பது உண்மையிலேயே எங்கள் வழக்கந்தான். புதிய சுரூபத்துக்கு அவர் சொல்லியும் வைத்திருந்தார்.

"புது வீட்டுக்குள்ள ஓட்டப் பானையக் கொண்டாந்து வைப்பீரா, வே?" என்று என்னைக் கேட்டார்.

கோவில் வாகனங்கள் செய்யும் நகரத்துத் தச்சரை அழைத்து வந்து காட்டிவிட்டதாகவும், அரித்த பகுதியை நீக்கி வேங்கையிலேயே ஒட்டுப்போட அவர் இசைந்துவிட்டதாகவும் சொன்னேன். பங்குத்தந்தை இளையவர், எதையும் சீர்தூக்கிப் பேசுபவர். மரத்தைத் திருத்துவதால் மட்டும் ஆவதென்ன, மறுபடியும் உப்பு விழுந்தால் மறுபடியும் அரிக்குமே என்றார். பாதத்தில் உப்பு வைப்பதை விட்டுவிட மக்கள் இசைந்தால் பழைய சுரூபம் நடுப்பீடத்தில் நிற்கும்; இசையாவிட்டால் புதிய கோவிலின் அர்ச்சிப்பு விழாவுக்கு முன் புதைக்கப்படும். இதுவே அவர் முடிவு.

நான் தெருத்தெருவாக நடந்தேன். மரத்தின் இயல்பையும் உப்பின் இயல்பையும் புத்தகங்களைக் காட்டி வீட்டுக்கு வீடு விளக்கினேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள், காப்பி தந்தார்கள், ஒருவரும் இசைவு தரவில்லை. கடைசியாக என் தமையனார் மனைவியிடம் போனேன். மகளுக்குச் சிறுவயதில் உடம்பெல்லாம் கொப்புளம் கண்டு தணிந்த நாள்முதல், மாத முதல் வெள்ளிதோறும் உப்பு வைக்கத் தவறாதவர் மதினி. அவர் சொன்னால் பெண்கள் கேட்பார்கள். நான் பேசி முடிக்கும்வரை முறத்திலிருந்து கண்ணெடுக்காமல் உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

"மரம் அரிக்கும்ங்கிய, சரி. நேந்த உப்பை எங்கன போடுதது, தம்பி? ஒங்க பொஸ்தகத்து மேலயா?"

ஏளனந்தான். எனினும் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வைக்காதீர்கள் என்று சொல்லவே நான் வீடு வீடாக ஏறியிருந்தேன். எங்கே வைப்பது என்பதற்கு என்னிடம் விடையில்லை. விடையில்லாத வேண்டுகோளை யார் ஏற்பார்? மறுநாள் காலையில் கோவில் மனையைச் சுற்றி வந்தேன். பின்புறத்தில், இடிபாட்டுக் குவியலருகே, பழைய திருமுழுக்குத் தொட்டி கிடந்தது. ஒரே கருங்கல், விளிம்பைச் சுற்றித் தாமரை இதழ்கள். புதிய கோவிலுக்குப் பளிங்குத் தொட்டி வந்துவிட்டதால், இதில் கொத்தனார்கள் செங்கல் நனைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் சொல்லி நீரை இறைத்துவிட்டு, தென்னை நாரால் நானே தேய்த்துக் கழுவினேன்.

ஞாயிறு திருப்பலிக்குப் பின் மறுபடியும் கூடினோம். தொட்டியைப் பீடத்தின் அடியில், சுரூபத்துக்கு நேர் கீழே, கைக்கு எட்டும் உயரத்தில் பதிக்கலாம். நேர்ச்சை உப்பு அதில் விழட்டும். கல்லை அவ்வளவு எளிதில் உப்பு தின்றுவிடாது என்றேன். அண்ணாச்சி எழுந்தார். ஞானஸ்தானத் தண்ணீர் நின்ற தொட்டியில் கண்ட கண்ட உப்பைக் கொட்டுவது அவமதிப்பு என்றார். கூட்டம் அவர் பக்கம் சாய்வது தெரிந்தது.

நான் உட்காரவில்லை. பழைய முறைமையில், திருமுழுக்குக்கு முன் மந்திரித்த உப்பைக் குழந்தையின் நாவில் குருவானவர் வைப்பார் என்பதை நினைவூட்டினேன். இங்கிருக்கும் முதியவர் அனைவரும் அந்த உப்பை உண்டவர்கள். இந்தத் தொட்டிக்கும் உப்புக்கும் உள்ள உறவு நாம் புதிதாக உண்டாக்குவதன்று என்றேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து மதினி எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை, அண்ணாச்சியைப் பார்த்தார்.

"தம்பி சொல்லுதது நெசந்தான். எங்கூடப் பொறந்த தம்பிக்கு ஞானஸ்தானம் குடுக்கையில நான்தான் பக்கத்துல நின்னேன். உப்பு வச்சதும் மூஞ்சியச் சுளிச்சான், சாமியாரே சிரிச்சிட்டாவ. ஒங்களுக்கும் அந்தத் தொட்டிகிட்டதான் வச்சாவ, அண்ணாச்சி. வச்சது போதல போலுக்கு."

கோவில் மனை முழுதும் சிரித்தது. அண்ணாச்சியும் வாயைப் பொத்திக்கொண்டார். உப்பைத் தொட்டியிலேயே வைக்க எல்லாரும் கைதூக்கி இசைந்தார்கள்.

அர்ச்சிப்பன்று அதிதூதர் நடுப்பீடத்தில் நின்றார். புதிய பாதத்தின் நிறம் பழைய மரத்தோடு ஒத்துவரவில்லை. சாயம் பூசி மறைக்கலாம் என்றார்கள், வேண்டாம் என்றேன். எதை இழந்தோம் என்பது தெரிந்துகொண்டே இருக்கட்டும். அண்ணாச்சி வருவித்த புதிய சுரூபம் வீணாகவில்லை. திருவிழாச் சப்பரத்தில் அது தெருவலம் போகிறது. வழியெல்லாம் வீசப்படும் உப்பை அதுவே தாங்குகிறது.

அர்ச்சிப்புக்குப் பின் வந்த முதல் வெள்ளியன்று மதினி உப்பும் மிளகும் வாழையிலைக் கீற்றில் பொதிந்து கொண்டுவந்தார். கை பழக்கத்தில் பாதத்தை நோக்கி உயர்ந்தது, பாதிவழியில் நின்றது. பைய இறக்கித் தொட்டியில் சரித்தார். பிறகு அதிலிருந்து ஓர் உப்புக்கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"வாயில போடுங்க. தெருத்தெருவாப் பேசித் தொண்டை வத்திப் போயிருக்கும்."

போட்டுக்கொண்டேன். சனிக்கிழமைதோறும் அந்தத் தொட்டியை ஒழித்து, உலர்ந்த துணியால் துடைத்து, ஒட்டுப்போட்ட பாதத்தில் விரலோட்டிப் பார்ப்பதை என் பொறுப்பில் வைத்திருக்கிறேன். இதுவரை விரலில் வெண்மை ஒட்டவில்லை.