பிரெஞ்சு பேசிய கேமரா

என் ஸ்டுடியோவில் கண்ணாடி அலமாரியின் மேல் தட்டில் ஒரு செத்த கேமரா இருக்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "முதல் கேமராவா மேடம்?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டுவேன். பாசத்தில் வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஃபிளாஷ் மாட்டும் பள்ளத்தின் இடுக்கில் துளிக் குங்குமம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. அது போய்விடக் கூடாது என்றுதான் அந்தக் கேமராவைத் துணிபோட்டுத் துடைக்கக்கூட நான் யாரையும் விடுவதில்லை.

அதை எனக்கு விற்றவர் என் பழைய முதலாளி. பாண்டிச்சேரியில் கல்யாணப் படம் எடுப்பதில் அந்தக் காலத்தில் அவருக்கு நல்ல பெயர். வில்லியனூர்ப் பக்கம் கரும்பு போடும் குடும்பத்திலிருந்து வந்த நான் அவரிடம் உதவிக்குச் சேர்ந்தேன். லைட் பிடிப்பேன், பை தூக்குவேன், பேட்டரிக்கு சார்ஜ் போடுவேன். ஆயுத பூஜை வந்தால் எல்லா கேமராவையும் துடைத்து வரிசையாக வைத்துப் பொட்டு வைப்பதும் என் வேலை. லென்ஸில் பட்டுவிடுமோ என்ற பயத்தில் ஃபிளாஷ் மாட்டும் இடத்துக்கு ஓரமாகத்தான் வைப்பேன். "கேமராவுக்கு நெத்தி அங்கதான் இருக்குதுன்னு உனக்கு எவ சொன்னா?" என்று அவர் கேலி செய்வார். நானும் சிரிப்பேன். அப்போது அவரை எனக்குப் பிடிக்கும்.

சொந்தமாகத் தொழில் தொடங்கலாம் என்ற ஆசை வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு சீட்டுப் பணம். அதிலும் பாதியை அம்மா தங்கத்துக்கு என்று வாங்கி வைத்துக்கொண்டாள். மிச்சத்துக்குக் கடையில் கிடைத்தது, கற்றுக்கொள்கிறவர்கள் வாங்கும் சின்னக் கேமரா. புதுசு, வாரண்டி உண்டு, கனமே இல்லை. ஆனால் மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் அது எடுக்கும் படம் ரவை கொட்டினது போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். அதோடு, எங்கள் தொழிலில் கேமராவின் அளவைப் பார்த்துத்தான் பெண் வீட்டார் ஆளை மதிப்பார்கள். சின்னக் கேமராவோடு ஒரு பெண் போய் நின்றால், "போட்டோக்காரர் எப்போம்மா வருவாரு?" என்று என்னிடமே கேட்பார்கள். பெரிய கேமரா பழசாக வாங்கலாம்; லென்ஸுக்குக் காசு இருக்காது. சோறு இறங்காமல் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலாளியே கூப்பிட்டார். "எதுக்கும்மா கடை கடையா அலையிறே? பாரிஸ்ல இருக்கிற எம் மச்சான் லீவுக்கு வந்தப்ப ஒண்ணு கொண்டாந்து வெச்சிட்டுப் போயிருக்கான். புள்ளைங்க பொறந்த நாளுக்கு எடுத்ததோட சரி. லென்ஸும் சேத்தே தரேன்."

அவரிடம் நான் தோளில் சுமந்த அதே மாடல். கைப்பிடி ரப்பர் புதிது, தோள்பட்டை வார் புதிது. ஆன் செய்தேன். திரையில் மெனு முழுக்க பிரெஞ்சு. அங்கேதான் விழுந்தேன். எங்கள் ஊரில் பிரான்ஸிலிருந்து வந்தது என்றால் தீர்ந்துபோன செண்ட் பாட்டிலைக்கூடத் தூக்கிப் போடமாட்டார்கள், ஷோகேஸில் வைப்பார்கள். எனக்கு ஒரு வரியும் படிக்கத் தெரியாத அந்த மெனுவை நான் பத்திரம் மாதிரி நம்பினேன். ரெண்டு பொத்தானை அழுத்தினால் எந்தக் கேமராவும் பிரெஞ்சு பேசும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நிமிஷம் புத்தியில் உறைக்கவில்லை. "நல்லா பாத்துக்கோம்மா. பாத்துட்டு எடுத்துக்கினு போ," என்றார் முதலாளி. நான் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

முதல் கல்யாணம் கனகசெட்டிக்குளத்தில். மணப்பெண் என்னோடு படித்தவள். "பொம்பளப் புள்ள எடுக்கட்டுமே, இன்னா இப்போ?" என்று சொந்தக்காரர்களின் வாயை அடைத்து வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அவளுடைய அப்பா. கடலுக்குப் போகிறவர். கெட்டிமேளம் கொட்டியது. நான் விரலை எடுக்காமல் அழுத்தினேன். கேமரா இரண்டு தடவை விக்கியது, பிறகு ஊமையாகிவிட்டது. வந்திருந்த படங்களில் மேல் பாதி முழுக்கக் கருப்பு. கீழே தாலி முடிச்சுப் போடும் கைகள் தெரிந்தன. பெண்ணுக்குப் பின்னால் நின்ற அப்பாவின் புது வேட்டியும் கூப்பிய கைகளும் தெரிந்தன. முகம் ஒன்றுகூட இல்லை. செல்போனில் எடுத்தவர்களுக்கும் எங்கள் முதுகுதான் கிடைத்திருந்தது. பெண்ணின் அப்பா கோபப்படவே இல்லை. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எம் மூஞ்சி எங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன்.

சென்னையில் கேமராவைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், வெளிச்சத்துக்குத் திறந்து மூடும் ஷட்டர் முழுக்கத் தேய்ந்துவிட்டது என்றார். "இது பொறந்த நாளுக்கு எடுத்த கேமரா இல்லம்மா. நூத்துக்கணக்குல கல்யாணம் பாத்த கேமரா. பாருங்க, பூஜைகூடப் போட்டிருக்காங்க." ஊசி முனையால் இடுக்கைக் காட்டினார். குங்குமம். நான் வைத்த பொட்டு, நான் வைக்கும் இடத்தில். பாரிஸ் மச்சான் ஆயுத பூஜை போட்டிருக்க மாட்டார். நேரே போய் முதலாளியிடம் கேட்டேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "பாத்துதானேம்மா எடுத்துக்கினே?" என்றார். அதே வாரத்தில் கனகசெட்டிக்குளத்தில் எனக்கு வரவிருந்த இரண்டு கல்யாணமும் அவர் கைக்குப் போயின.

அதன்பின் பாண்டிச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டினேன். மீண்டும் ஒரு கேமரா வாங்கி, பிறந்த நாள், காதுகுத்து என்று ஊர்ந்து ஊர்ந்து, மூலக்குளத்தில் இந்த ஸ்டுடியோவைப் போடுவதற்குள் இளமை போய்விட்டது. ஒரு நாள் முதலாளி படியேறி வந்தார். அவர் மகளுக்குக் கல்யாணம். மகள் என் படங்களைப் பார்த்துவிட்டு, நான்தான் எடுக்கவேண்டும் என்று பிடிவாதமாம். "பழசெல்லாம் மனசுல வெச்சிக்காதம்மா," என்றார். "சேச்சே, என்ன சார்," என்றேன். அவ்வளவு இனிமையாக நான் யாரிடமும் பேசியதில்லை.

என் வாழ்க்கையிலேயே நன்றாக எடுத்த கல்யாணம் அதுதான். ஆல்பத்துக்குப் படம் பொறுக்க அவரே வந்து உட்கார்ந்தார். வெளிச்சத்தைப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார், புடவையின் ஜரிகை துல்லியமாக விழுந்திருப்பதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆயுள் முழுக்க கேமராவுக்குப் பின்னால் நின்ற மனிதர். படத்தில் தன்னைத் தேடும் பழக்கமே அவருக்கு இல்லை. அதை நம்பித்தான் நான் இறங்கியிருந்தேன். தாரை வார்க்கும் படத்தில் அவர் கைகள் இருந்தன, மோதிரத்தோடு. மாப்பிள்ளைக்கு மாலை போடும் படத்தில் தோள் இருந்தது. ஆல்பம் முழுக்க அவர் முகம் ஒரு இடத்திலும் இல்லை.

வீட்டில் ஆல்பத்தைப் பிரித்த மகள்தான் கண்டுபிடித்திருக்கிறாள். போன் வந்தது. "நான் எங்கம்மா? எம் பொண்ணு அழுவுது. எம் மூஞ்சி ஒண்ணுலகூட இல்லியே!"

"பாத்துதானே சார் எடுத்துக்கினீங்க?"

எத்தனையோ வருஷம் தொண்டையில் வைத்திருந்த வார்த்தை. சொன்னதும் குளிர்ந்த மோர் குடித்தது போல இருந்தது. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே இருந்தது. பிறகு இதையும் சொன்னேன். "ஒரு படம் இருக்குது சார். தாரை வாக்கறப்போ நீங்க கண்ணு கலங்கினது. கனகசெட்டிக்குளத்துக்கு நீங்களே போங்க. அந்த அப்பாகிட்ட, அந்தக் கேமரா யாரோடதுன்னு ஒங்க வாயால சொல்லிட்டு வாங்க. மறுநாளே குடுத்துடறேன்." அவர் போனை வைத்துவிட்டார்.

முதலாளியின் மகள் பாவம் என்று என் தங்கை சொல்கிறாள். பாவம்தான். என் தோழியும் ஒரு பாவமும் செய்யவில்லை. அவளுடைய அப்பா கூடத்துச் சுவரில் அந்தப் பாதிப் படத்தைத்தான் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார். முதலாளி அழுத படம் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. சில நாள் திறந்து பார்ப்பேன். அருமையான படம். அவர் இன்னும் கனகசெட்டிக்குளத்துக்குப் போகவில்லை.

இந்த வருஷமும் ஆயுத பூஜைக்கு எல்லா கேமராவையும் வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தேன். அலமாரியின் மேல் தட்டில் இருப்பதை மட்டும் கீழே இறக்கவில்லை. அதற்கு வைத்த பொட்டு இன்னும் அழியவில்லை.