இருட்டறையில் மூன்று நீலப் புள்ளிகள்

கண்ணுக்குப் பவர் பார்க்கிற வேலை சத்தியபாமாவுக்கு. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு தெரு தள்ளி டாக்டர் நவநீதகிருஷ்ணன் நடத்திவந்த சின்னக் கண் ஆஸ்பத்திரியில் 1989-ல் வந்து சேர்ந்தாள். அப்பாவுக்குக் கழுகுமலைப் பக்கம் மானாவாரி நிலம். மழையைப் பொறுத்து பருத்தியோ உளுந்தோ போடுவார். பிளஸ் டூ முடித்ததும் மதுரையில் இரண்டு வருஷம் கண் பரிசோதனைப் பயிற்சி எடுத்துவிட்டு, ஒரு தகரப்பெட்டியோடு நேராக இந்த வேலைக்கு வந்தவள்.

டாக்டர் ஆபரேஷனில் கைதேர்ந்தவர். பவர் பார்ப்பதற்குத்தான் பொறுமை கிடையாது. அவரே அதைச் சொல்லிவிடுவார். "அதெல்லாம் சத்தியபாமாட்ட போங்க. நான் பாத்தா நீங்க திரும்பவும் வர வேண்டியிருக்கும்" என்பார். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற பெண்கள், லாரி டிரைவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லாரும் உள்ளே நுழையும்போதே "பாமாக்கா இருக்காவளா?" என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டு வாங்குவார்கள்.

அவள் வேலை பார்த்தது ஓர் இருட்டறையில். பதினெட்டு அடி நீளம், ஜன்னல் கிடையாது, கதவில் இரட்டைக் கறுப்புத் திரை. பார்க்க வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து, தூரத்துச் சுவரில் மங்கலாக எரிகிற எழுத்துப் பலகையைப் பார்க்கச் சொல்வாள். கையில் இருக்கிற சின்ன விளக்குக் கருவியால் கண்ணுக்குள் ஒரு கோடு வெளிச்சம் விட்டு, அது கண்மணிப் பாப்பாவுக்குள் எந்தப் பக்கம் அசைகிறது என்று கவனிப்பாள். அசைவு நிற்கிறவரை ஒவ்வொரு லென்ஸாக மாற்றி வைப்பாள். இருட்டு நன்றாக இருந்தால்தான் பாப்பா விரியும். பார்க்கிறவர் தூரத்தைப் பார்த்தால்தான் அளவு சரியாக வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பேசவே தெரியாத குழந்தைகளுக்கும் அவளால் அளவு சொல்ல முடிந்தது இப்படித்தான்.

2005 ஆடி மாசம் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. நோயாளிகளின் அளவையெல்லாம் இனி சீட்டில் எழுதுவதோடு அதிலும் ஏற்ற வேண்டும். மெயின் ரோட்டில் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கிற திருப்பதி கொண்டுவந்தார். ஏ.சி. இல்லாத இடத்தில் வைத்தால் மிஷின் சூடாகிச் செத்துப்போகும் என்று அவர் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரை விட்டால் ஏ.சி. இருந்தது இருட்டறையில்தான். அதனால் சத்தியபாமாவின் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு தாழ்வான ஸ்டாண்டில் அது உட்கார்ந்துகொண்டது.

கறுப்புக் கேபினெட்டின் முகத்தில் வரிசையாக மூன்று நீல விளக்குகள். இரண்டு நிலையாக எரிந்தன. ஒன்று, மிஷின் உள்ளே எதையாவது எழுதும்போதெல்லாம் துடித்தது.

"கோவில்பட்டியிலயே இந்த மாடல் மொத மொத நம்மகிட்டத்தான் வந்திருக்கு" என்றார் திருப்பதி.

டாக்டருக்கும் பெருமைதான். பார்க்க வந்த நண்பர்களை உள்ளே கூட்டிப்போய் ஒருமுறை லைட்டை அணைத்துக் காட்டினார். அறை முழுக்க மீன்தொட்டி மாதிரி நீலம் பரவியது. எல்லாரும் அழகு என்றார்கள்.

சத்தியபாமாவுக்கு அன்று சாயங்காலமே எரிச்சல் ஆரம்பித்தது. யார் கண்ணுக்குள் பார்த்தாலும் கருவிழி மேல் மூன்று நீலப் புள்ளிகள் மினுங்கின. அவள் தேடுகிற மெல்லிய அசைவுக்கு மேலேயே வந்து அவை உட்கார்ந்துகொண்டன. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஸ்டூலை நகர்த்தினாள். புள்ளிகள் கூடவே வந்தன. டாக்டரிடம் சொன்னபோது, "ரெண்டு நாள்ல பழகிரும்மா" என்றார்.

பழகவில்லை. ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரியை வெட்டி விளக்குகள் மேல் ஒட்டினாள். அது வெள்ளைத் துணிப் பிளாஸ்திரி. வெளிச்சம் அதில் ஊறி முன்னைவிடப் பெரிய வட்டமாகத் தெரிந்தது. கறுப்பு டேப் வாங்கி ஒட்டினாள். அசிங்கமாக இருக்கிறது என்று டாக்டர் உரித்துவிட்டார். மிஷினின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். வெள்ளைச் சுவர் அந்த நீலத்தை அப்படியே திருப்பி அடித்தது. கடைசியில் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். காற்று அடைத்து மிஷின் தானாக நின்றுபோய், திருப்பதி வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் அவள் புருஷன் பெருமாள்சாமி சிரித்தார். கயத்தாறில் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்குப்பிள்ளை அவர். "ஊர்ல மாமியாகூட சண்ட போடுவாங்க, நாத்தனாகூட சண்ட போடுவாங்க. நீ ஒரு லைட்டுகூட சண்ட போடுதியே" என்றார்.

"உங்க லெட்ஜர்ல ஒருத்தன் டார்ச் அடிச்சுக்கிட்டே இருந்தா நீங்க எழுதிருவீங்களாக்கும்?" என்றாள் அவள்.

ஆவணி முடியும் சமயம் சந்தனமாரி என்கிற தீப்பெட்டி ஆபீஸ்காரப் பெண் தன் மகள் விஜியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஏழு வயசுப் பிள்ளை. ஒரு மாசத்துக்கு முன் இங்கே பார்த்துத்தான் கண்ணாடி போட்டிருந்தார்கள்.

"போட்ட நாள்லருந்து தலவலிக்கா. பள்ளிக்கூடத்துல கழட்டி பைக்குள்ள வச்சிருதா. டீச்சர் அடிக்காவ" என்றாள் சந்தனமாரி.

சத்தியபாமா பிள்ளையை ஸ்டூலில் உட்காரவைத்து லைட்டை அணைத்தாள். "ஏட்டி, அங்கன தூரமா எழுத்து தெரியுதுல்ல, அதையே பாக்கணும், என்ன?" பிள்ளை தலையாட்டியது. வெளிச்சக் கோடு அசைந்தது. முன்பு எழுதிய அதே அளவுதான் வந்தது, மைனஸ் ஒன்றேகால். சரி என்று லென்ஸை எடுக்கப்போனவள், அசைவு சட்டென்று மாறுவதைப் பார்த்தாள். பிறகு பழையபடி ஆனது. மறுபடி மாறியது. ஒரே கண் நிமிஷத்துக்கு ஒரு அளவு காட்டுமா? கருவியைத் தாழ்த்திவிட்டு விஜியின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளை தூரத்துப் பலகையைப் பார்க்கவே இல்லை. கையெட்டும் தூரத்தில் துடித்துக்கொண்டிருந்த நீல விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருக்கிறதைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகளின் கண் உள்ளே தன்னை இறுக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் அளந்தால், இல்லாத கிட்டப்பார்வை இருக்கிற மாதிரி காட்டும். மதுரையில் முதல் வருஷமே படித்த பாடம் அது.

அவள் எழுந்துபோய்க் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். கண் இறுகாமல் இருக்க விஜிக்குச் சொட்டு மருந்து விட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப அளந்தாள். பிள்ளைக்குக் கண்ணாடியே தேவையில்லை.

சொட்டு மருந்து விட்டால் சாயங்காலம் வரை கண் மங்கலாக இருக்கும். ஒருநாள் சம்பளத்தை விட்டு வருகிற தாய்மார்கள் அதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அதனால் மாறுகண் இல்லாத பிள்ளைகளுக்குச் சொட்டு விடாமல் தன் கருவியை நம்பியே அளந்துவந்தாள். பதினாறு வருஷம் அதில் தவறு வரவில்லை. இப்போது விஜியின் சீட்டில் மைனஸ் ஒன்றேகால் என்று அவள் கையெழுத்து இருந்தது.

அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து பார்த்த சீட்டுகளையெல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினாள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே, முதல்முறையாகக் கிட்டப்பார்வைக் கண்ணாடி எழுதிக்கொடுத்த பிள்ளைகள் முப்பத்தொன்று. அந்தப் பட்டியலோடு டாக்டர் அறைக்குப் போனாள்.

"இதுல எத்தனை தப்போ தெரியல டாக்டர். அளந்தது நான்தான். எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டுப் பாக்கணும்."

டாக்டர் பட்டியலைப் பார்த்தார். "லைட்டப் பத்தி நீங்க அன்னைக்கே சொன்னீங்களே" என்றார்.

"சொன்னேன். எனக்குத்தான் தொந்தரவுன்னு நெனச்சேன். பிள்ள எங்க பாக்குதுன்னு நான் பாத்திருக்கணும்ல."

அவர் எழுந்து இருட்டறைக்குப் போனார். பிளக்கைச் சொருகி, குழந்தைகள் உட்காருகிற ஸ்டூலில் காலை மடக்கிக் குனிந்து உட்கார்ந்தார். பெரியவர்கள் உட்கார்ந்தால் மேஜை விளிம்பு பாதி மறைத்துவிடும். ஒரு பிள்ளையின் உயரத்தில் மூன்று விளக்கும் நேருக்கு நேர் முகத்தில் அடித்தன. பிறகு திருப்பதிக்குப் போன் போடச் சொன்னார்.

திருப்பதி வந்தார். நீல விளக்குகளை எடுத்துவிடச் சொன்னதும் டாக்டரிடம், "அண்ணாச்சி, கேபினெட்டத் தொறந்தா வாரண்டி போயிரும்" என்றார்.

"போனாப் போவுது. அந்த லைட்டு வயர் எங்கன இருக்குன்னு காட்டுங்க, நானே புடுங்குதேன்" என்றாள் சத்தியபாமா.

அவர் மூடியைத் திறந்து காட்டினார். நூல் மாதிரி மெல்லிய வயர்கள். பிடுங்கினால் மிஷினுக்கு ஒன்றும் ஆகாது என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒவ்வொன்றாக அவளே உருவி எடுத்தாள். அறை பழைய இருட்டுக்கு வந்தது. திருப்பதி அந்த இருட்டிலேயே நின்று, "நெசமாவே கண்ணுக்குச் சொகமா இருக்குக்கா" என்றார்.

மறுநாள், விஜி போக மிச்சப் பிள்ளைகளுக்கு முப்பது தபால் கார்டு எழுதினாள். நிறைய வீடுகளில் அப்போது போன் கிடையாது. 'அளவில் தவறு இருக்கலாம், தவறு எங்களுடையது, பிள்ளையை ஒரு நாள் கூட்டிவாருங்கள்' என்று ஒவ்வொன்றிலும் கையால் எழுதினாள். ஆஸ்பத்திரியின் பெயர் கெட்டுவிடும், 'மறுபரிசோதனை' என்று மட்டும் போட்டால் போதாதா என்று ரிசப்ஷனில் இருந்த வனிதா கேட்டாள். "அப்படிப் போட்டா யாரு ஒருநாள் வேலைய விட்டுட்டு வருவா?" என்று சத்தியபாமா கார்டுகளைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

இருபத்தைந்து பிள்ளைகள் வந்தார்கள். சில தாய்மார்கள் கோபப்பட்டார்கள். அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் சொட்டு விட்டு, காத்திருந்து, அளந்தாள். வராத ஐந்து பேரைத் தேடி மூன்று ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனாள். ஊரில் இறங்கி, பள்ளிக்கூடத்து அறை ஒன்றைக் கேட்டு வாங்கி, ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கி அளந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்கு கட்ட ஏணி பிடித்தவர் பெருமாள்சாமி.

விஜியோடு சேர்த்து முப்பத்தொன்றில் ஒன்பது தவறு. ஐந்து பேருக்குப் பவர் அதிகமாகப் போயிருந்தது. நான்கு பேருக்குக் கண்ணாடியே வேண்டாம். ஒன்பது சீட்டிலும் சிவப்பு மையில் எழுதினாள்: 'முதல் அளவு தவறு. அளந்தது நான். ச.பா.' புதுக் கண்ணாடிகளை டாக்டர் தன் பொறுப்பில் போட்டுக் கொடுத்தார்.

கடைசியாகப் பார்த்த பிள்ளை எட்டயபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்த காளீஸ்வரி. ஆறாம் வகுப்பு. அவளுக்கும் கண்ணாடி தேவையில்லை என்று தெரிந்தது. சத்தியபாமா சந்தோஷமாகச் சொன்னாள். பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

"கழட்டணுமாக்கா?"

"வேண்டாத கண்ணாடியப் போட்டா தலவலி வரும் தாயி."

"வலிக்கத்தான் செய்யுது. பரவால்ல." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "இதப் போட்ட பெறகுதான் டீச்சர் என்னைய கிளாஸ் லீடராப் போட்டாவ."

பிள்ளையின் அப்பா சங்கடத்தோடு சிரித்தார். சத்தியபாமா சிரிக்கவில்லை. கண்ணாடியை வாங்கித் துடைத்துப் பார்த்தாள். பழுப்பு நிற பிளாஸ்டிக் ஃபிரேம், நன்றாகத்தான் இருந்தது. வர்ற செவ்வாய்க்கிழமை கோவில்பட்டிக்கு வந்தால், பவர் இல்லாத வெறும் கண்ணாடி மாட்டித் தருவதாகச் சொன்னாள். லீடர் வேலை முடிகிறவரை போட்டுக்கொள்ளலாம், தலைவலி வராது.

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரி திறப்பதற்கு முன்பே காளீஸ்வரி அப்பாவோடு வாசலில் வந்து நின்றிருந்தாள்.