ஒரு ஆள் கூடாரம்

“இந்த வீட்டுல திரும்பிப் படுக்க எனக்கு இடம் இருக்கா?”

பல் தேய்க்கும்போது ஒருமுறை, தட்டு வைக்கும்போது ஒருமுறை, வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது வாசலைப் பார்த்து இன்னொருமுறை. கேள்வி மாதிரிதான் இருக்கும், பதிலுக்கு நிற்காது. கல்லூரியில் படிக்கும் மகள் அதை அம்மாவின் இழுப்போடும் இடுப்பில் ஊன்றிய கையோடும் அப்படியே செய்து காட்டுவாள். ஒருநாள் அடுக்களையிலிருந்து அந்தக் குரல் வர, பேப்பருக்குப் பின்னாலிருந்த அப்பா, “சரி சரி, இன்னைக்குத் தள்ளிப் படுக்கறேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டார். எட்டிப் பார்த்தால், மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

புலம்பலில் நியாயம் இல்லாமல் இல்லை. அம்மா நான்கு அக்காமாருக்குப் பிறகு பிறந்தவள். பாய் முடிகிற இடத்தில்தான் அவள் படுக்கை ஆரம்பிக்கும். கல்யாணமாகி வந்த வீட்டில் கட்டில் பெரிதுதான், ஆனால் வீட்டுக்காரர் அதைவிடப் பெரியவர். அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இரண்டு வெள்ளைக் கோட்டுக்கு நடுவே காரை நிறுத்தத் தெரியாதவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அவரே கட்டிலில் விழுந்தால் ரோட்டுக்குக் குறுக்கே நின்றுபோன லாரி. நடுவில் சில வருஷம் குழந்தையும் வந்து சேர்ந்து விலாவில் உதைத்தது. “கொஞ்சம் தள்ளிப் படேன்” என்று யார் சொன்னாலும் தள்ளிப் படுத்துப் படுத்து, மூக்கு சுவரில் உரசும் தூரத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். வேலைக்குப் போனாலும் அதே கதை. பஸ் ஸ்டாண்டு டிக்கெட் கவுண்டர். உட்கார்ந்தால் முட்டி டிராயரில் இடிக்கும். முதுகை நிமிர்த்தினால் சுவர்.

அந்தக் கவுண்டருக்குத்தான் ஒரு சனிக்கிழமை பல் டாக்டரம்மா வந்தார். ஊரில் பாதிப் பேர் அவர் முன்னால் வாயைத் திறந்திருக்கிறார்கள். ஓய்வு நாட்களில் அந்த அம்மா ஒரு நடைக்குழுவைக் கூட்டிக்கொண்டு மலை ஏறுவார். முதுகில் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரு பை.

“அதுக்குள்ள என்ன டாக்டர்?”

“வீடு.”

“எத்தனை பேருக்கு?”

“ஒரு ஆளுக்கு. நான் மட்டும்தான்.”

டிக்கெட்டை நீட்டிய கை பாதியில் நின்றது. “திரும்பிப் படுக்கலாமா?”

“உருண்டே படுக்கலாம்.”

“அக்கா, பஸ்ஸு போயிரும்!” என்று வரிசை கத்தியது.

“போகட்டும், அடுத்தது வரும்” என்றாள். இத்தனை வருஷ சர்வீஸில் அந்தக் கவுண்டரிலிருந்து யாரும் கேட்டிராத வார்த்தை.

குழுவில் சேர்ந்தாள். டாக்டருக்கு எல்லாமே பல்தான். “ஒண்ணும் ஆகாது, லேசா அழுத்தற மாதிரி இருக்கும்” என்று அவர் சொன்னால் செங்குத்து ஏற்றம் வருகிறது என்று அர்த்தம். புதிதாக வருகிறவர்கள் இரண்டு பேருக்கு ஒரு கூடாரம் என்பது அவர் வழக்கம். துணியை ஒருத்தர் சுமப்பார், கம்பியை இன்னொருத்தர்.

“தனிக் கூடாரம்னா மொத்தமும் உங்க முதுகுலதான். யோசிச்சுக்கங்க.”

“யோசிச்சுட்டேன் டாக்டர். கல்யாணமான நாள்ல இருந்து யோசிக்கறேன்.”

டாக்டர் அவளை ஒரு சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “சரி. முதல்ல நம்ம மைதானத்துல ஒரு ராத்திரி தனியா படுத்துக் காட்டுங்க. காலைல படுக்கை காஞ்சிருந்தா மலைக்குத் தனிக் கூடாரம். நனைஞ்சிருந்தா என் கூடாரத்துல, என் பக்கத்துல. நான் குறட்டை விடுவேன், இப்பவே சொல்லிடறேன்.”

கடைக்கு மகளும் வந்தாள், வேடிக்கை பார்க்க. கடைக்காரர் முதலில் இருவர் கூடாரத்தைத்தான் விரித்தார். “ரெண்டு பேர் தாராளமா படுக்கலாம்க்கா.” அவள் உள்ளே போய்ப் படுத்து, மகளையும் பக்கத்தில் படுக்கச் சொன்னாள். தோளோடு தோள் இடித்தது.

“பைய எங்க வைக்கறது?”

“அது… வெளில வெச்சுக்கலாம்.”

“அப்ப ரெண்டு பேருன்னா, மூச்சை அடக்கிட்டு ரெண்டு பேரு” என்று எழுந்து வந்தாள். ஒருவர் கூடாரத்தில் படுத்தாள், உட்கார்ந்தாள், சட்டை மாற்றுவதுபோல் இரு கையையும் தூக்கினாள். தலை இடிக்கவில்லை. அதை எடுத்து வைத்தாள்.

தூங்கும் பைக்குத்தான் பெரிய வாக்குவாதம். கடைக்காரர் கொடுத்தது லேசானது, கதகதப்பானது, ஆனால் கால்பக்கம் குறுகிக்கொண்டே போனது. கடையின் நடுத்தரையில் அதற்குள் புகுந்து திரும்பிப் பார்த்தாள். பையும் கூடவே திரும்பியது.

“அம்மா, கம்பளிப்பூச்சி மாதிரியே இருக்க!”

“இதுக்கு நம்ம வீட்டுக் கட்டிலே தேவலை.” உதறி எழுந்து அகலமான நீள்சதுரப் பையைப் பிடித்துக்கொண்டாள். கனம் கூடுதல். எத்தனை டிகிரி குளிர் தாங்கும் என்று மேலே பெரிதாகப் போட்டிருந்த எண்ணைக் காட்டி, இது மலைக்குத் தாராளம் என்றார் கடைக்காரர். அவள் டாக்டருக்குப் போன் போட்டாள்.

“மேடம், அந்தப் பெரிய நம்பர் உயிரோட எழுந்திருக்கறதுக்கு. நிம்மதியா தூங்கறதுக்கு இன்னொரு நம்பர் சின்னதா போட்டிருக்கும், அதப் பாருங்க. அப்புறம் அடில போடற பாய மறந்துடாதீங்க. மேல எவ்ளோ போத்தினாலும் முதுகுக்குக் கீழ இருக்கற பஞ்சு உங்க கனத்துல நசுங்கிடும். தரை சூட்டை உறிஞ்சிடும்.”

சின்ன எண்ணைப் பார்த்தாள், அதுவும் மலைக்குப் போதும். தடித்த நுரைப் பாய் ஒன்றும் சேர்ந்தது. கூடிய கனத்துக்கு ஈடாகத் தலையணை போயிற்று, மாற்றுச் செருப்பு போயிற்று, மகள் ஆசையாகக் கொடுத்த மடக்கு நாற்காலியும் போயிற்று. மிச்சத்தைப் பையில் அடைத்து, டியூட்டி முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு மேம்பாலப் படிகளில் மூச்சிரைக்க ஏறி இறங்கினாள்.

“என்னக்கா, வீட்ட விட்டுப் போறீங்களா?” என்று கண்டக்டர்கள் கேட்டார்கள்.

“இல்லப்பா. வீட்ட எடுத்துக்கிட்டுப் போறேன்.”

இவ்வளவும் செய்துவிட்டு மைதானத்தில் தோற்றாள். விடிந்து பார்த்தால் தூங்கும் பையின் ஒரு பக்கம் முழுக்க ஈரம். பையைக் கையில் தூக்கிக்கொண்டு நேரே டாக்டரிடம் போனாள்.

“கூடாரம் ஒழுகுது டாக்டர். கடைக்காரன் ஏமாத்திட்டான்.”

“மழையே பெய்யலையே மேடம்.”

டாக்டர் அவளோடு மைதானத்துக்கு வந்து, குனிந்து கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார். பாய் இடப்பக்கத் துணியோடு ஒட்டிக்கிடந்தது. வலப்பக்கம் பாதிக் கூடாரம் காலி.

“அங்க யாருக்கு இடம் விட்டிருக்கீங்க?”

அவளும் குனிந்து பார்த்தாள். யாருமே இல்லாத இடத்தில், யாருமே கேட்காமல், அவள் தள்ளிப் படுத்திருக்கிறாள்.

“ஒழுகல. நீங்க விட்ட மூச்சுதான், துணில பட்டுத் தண்ணியா நிக்குது. ஒட்டிப் படுத்தா பை உறிஞ்சத்தான் செய்யும். மலைல இப்படி நனைஞ்சா நடுங்கிடுவீங்க. பேசினபடி என் கூடாரத்துக்கு…”

“இன்னொரு தடவ படுத்துக் காட்டறேன் டாக்டர்.”

“பேச்சுன்னா பேச்சு மேடம்.”

“வாயத் திறக்கறவங்களுக்கெல்லாம் ரெண்டாவது ஊசி போடறீங்களே, எனக்கு ஒண்ணு போடக் கூடாதா?”

டாக்டர் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் என்று முடிவாயிற்று.

அந்த வாரம் முழுக்க வீட்டு ஹாலில் நடுவாகப் பாயைப் போட்டுப் படுத்தாள். முதல் நாள் காலை சுவரோரம் கண் விழித்தாள். மறுநாள் சோபாவுக்கு அடியில். மூன்றாம் நாள் பாயின் இருபக்கமும் வீட்டிலிருந்த செருப்பு, ஷூ எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிவிட்டாள், நகர்ந்தால் குத்தும். “டெஸ்ட் டிராக் போட்டிருக்கியா? கோட்டைத் தொட்டா ஃபெயில்!” என்றார் மாஸ்டர், தம் ஒரே ஜோடி ஷூவைத் தேடிக்கொண்டே. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குத்துப்பட்டுக் குத்துப்பட்டு உடம்பு கற்றுக்கொண்டது. மைதானத்தின் இரண்டாவது காலையில் டாக்டர் பையைத் தடவிப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோயும் பார்த்தார். சருகுபோலக் காய்ந்திருந்தது.

“தனிக் கூடாரம்” என்றார்.

இதைக் கேட்டதும் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. “நானும் வரேன். ரெண்டு ஆளு கூடாரமா ஒண்ணு வாங்கிக்கலாம். நீயும் நானும்.”

“நீங்க வாங்க. நல்லா வாங்க. நான் என்னோடதுல படுத்துக்கறேன்.”

அவர் இருவர் கூடாரமே வாங்கினார், பாய் வாங்கவில்லை. “புல்லே மெத்தைதானே, அதுக்கு மேல எதுக்கு மெத்தை? நம்ம வீட்டு ரஜாய் போதும்” என்றார். ஏறும் வழியெல்லாம் கூட வந்தவர்களுக்கு, “மெதுவா… ஃபர்ஸ்ட் கியர்லயே வாங்க… ஆங், அப்படித்தான்” என்று பாடம் எடுத்துக்கொண்டே வந்தார். மேலே போனதும் டாக்டர் மேட்டைக் காட்ட, வீட்டுக்காரர் காட்சி அழகாக இருக்கிறதென்று பள்ளமான இடத்தில் கூடாரத்தை அடித்தார். அவள் மேட்டில் தரையைக் காலால் தடவிக் கல் பொறுக்கி, தன் கூடாரத்தை நிறுத்தி, பாயை அளந்து நடுவில் போட்டாள்.

வெயில் சாயும் நேரத்தில் கையை விரித்து, காலை விரித்து, உள்ளே படுத்துப் பார்த்தாள். எந்தப் பக்கமும் எதுவும் தட்டுப்படவில்லை. ஒருமுறை இடப்பக்கம் திரும்பினாள். ஒருமுறை வலப்பக்கம். அப்புறம் வேண்டுமென்றே இன்னொருமுறை.

வெளியே செருமல் சத்தம். ஒரு குட்டித் தூக்கம் போடலாம் என்று படுத்திருந்த வீட்டுக்காரர், ரஜாயைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தார். பல் தந்தியடித்தது.

“கீழ இருந்து ஜில்லுன்னு ஏறுதும்மா. முதுகு மரத்துப்போச்சு. மேல போத்தினது போத்தின மாதிரிதான் இருக்கு, அடில ஐஸ் கட்டி வெச்ச மாதிரி…”

அவள் ஜிப்பைப் பாதி திறந்து பார்த்தாள். அவர் பாவமாகத்தான் இருந்தார். உள்ளே பார்வையை ஓட்டி, வழக்கம்போல அந்த வார்த்தையைச் சொன்னார்: “கொஞ்சம் தள்ளிப் படேன்.”

உடம்பு பழக்கத்தில் ஒரு விரல்கடை நகர்ந்துவிட்டது. அவள் அதைப் பிடித்து நிறுத்தி, திரும்பவும் நடுவுக்கு வந்தாள். மழைக்கோட்டை எடுத்து வெளியே நீட்டினாள்.

“இந்தாங்க, புடிங்க. உங்க பைய காலி பண்ணி முதுகுக்கு அடில விரிங்க, அதுக்கு மேல இதப் போடுங்க, அந்த மரத்தடில காஞ்ச சருகு கிடக்கு, அதையும் அள்ளி அடில திணிங்க, முதுகுக்கு ஒண்ணும் ஆகாது. ரெண்டு ஆளு கூடாரத்துல ஒத்த ஆளா படுத்திருக்கீங்க, இன்னைக்காவது நல்லா குறுக்கயே படுங்க, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஆனா தள்ளிப் படுன்னு மட்டும் என்கிட்ட இனிமே சொல்லாதீங்க. தள்ளித் தள்ளிப் படுத்துத்தான் நம்ம வீட்டுச் சுவத்தத் தாண்டி இந்த மலை வரைக்கும் வந்திருக்கேன். இதுக்கு மேல தள்ளினா பள்ளம்தான்!”