வலிக்கிற நாளில் பூட்டிய வண்டி

என் மனைவிக்கு மாதத்தில் மூன்று நாள் வலி வரும். மற்றப் பெண்களுக்கு வருவது போலல்ல. உதட்டைக் கடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள். வீட்டுக்குத் தூரமான அந்த மூன்று நாளும் அவள் புறவாசல் ஓலைச் சாய்ப்பில்தான் இருக்க வேண்டும். சோற்றை வாசலில் வைத்துவிட்டு நான் நகர்ந்துவிடுவேன். என்ன செய்கிறது என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சம்.

இலத்தூரிலிருந்து தென்காசி ஆஸ்பத்திரிக்கு நான்கு தடவை அவளை மாட்டு வண்டியில் கூட்டிப்போனேன். அவள் தலைக்கு ஊற்றிப் பூ வைத்த பிறகு, நல்ல நாளாகப் பார்த்துப் போவோம். வழியில் கோயிலையும் கும்பிட்டுக்கொள்வோம். நான்காம் தடவை டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார்.

"சும்மா இருக்கிற வயித்தக் கொண்டுவந்து காட்டினா நான் என்னத்தப் பாக்க? வலிக்கிற அன்னைக்குக் கூட்டிட்டு வாங்க."

தரையைப் பார்த்துக்கொண்டு சரி என்றேன். அம்மாவிடம் சொன்னபோது, "தூரமானவள வண்டியில ஏத்தி, கோயில் வாசல் வழியாக் கொண்டுபோவியோலே?" என்றாள். நான் வண்டியைப் பூட்டவில்லை. ஒரு வருஷம் போயிற்று.

மறுவருஷம் சாரல் காலத்தோடு வாந்திபேதியும் வந்தது. குற்றாலத்தில் அருவி கொட்டியது, குளிக்கத்தான் ஆளில்லை. அம்மாவுக்கும் பேதி கண்டது. அவளைச் சாய்ப்பில் படுக்க வைத்தோம். மறுநாள் என் மனைவி தூரமானாள். அவள் ஒதுங்க வேறு இடமில்லை, அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு பெண்ணும் இல்லை. தொடக்கூடாதவளே அம்மாவைத் துடைத்து, கஞ்சித்தண்ணீர் புகட்டினாள். ஒரு கையில் டம்ளர், இன்னொரு கை அடிவயிற்றில். வலி ஏறும்போது டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் நெற்றியை முட்டுவாள். பிறகு மறுபடி எடுப்பாள்.

மூன்றாம் நாள் அம்மாவுக்குப் பேச்சு வந்தது. "ஏட்டி, மாசாமாசம் இப்படியா கெடந்த?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அடுத்த மாசம் இவளுக்கு வலி வந்த அன்னைக்கே வண்டியப் பூட்டுலே."

பூட்டினேன். கோயில் வாசல் வழியாகவே போனோம். ஆஸ்பத்திரிக் காவலாள், "பேதி கேசு மட்டுந்தான் உள்ள. நீங்க திரும்புங்க அண்ணாச்சி" என்றான். வேறொரு நாளாக இருந்தால் திரும்பியிருப்பேன். அன்று சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து, வண்டிக்குள்ளேயே ஏறி வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அவள் அலறிவிட்டாள்.

"உள்ள ரத்தம் கட்டி இறுகியிருக்கு. கர்ப்பப்பையோட எடுக்கணும். ஆனா இந்தப் பேதி ஓயாம ஆபரேஷன் செய்ய முடியாது."

நான்கு மாதம் காத்திருந்தோம். வலி வந்த நாட்களிலும் அவள் வீட்டுக்குள்ளேயே படுத்தாள். அம்மா செங்கல்லைச் சுடவைத்து, துணியில் சுற்றிக் கொடுப்பாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மனைவியிடம் தயங்கித் தயங்கி, "இனி பிள்ளை இருக்காதாம்" என்றேன்.

"வலியும் இருக்காதுல்லா" என்றாள்.

அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போனோம். முன்பெல்லாம் விரலில் நாள் எண்ணிப் பார்த்துத்தான் எங்கும் கிளம்புவாள். அன்று எண்ணவில்லை. பெண்கள் பக்கம் அருவிக்குப் போனவள் வரவே இல்லை. ஈரத் துண்டோடு நடுங்கிக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தலையைப் பிழிந்துகொண்டே வந்து, "ரொம்ப நேரமாயிட்டோ?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.