ஊசி நாளில் ஒளித்த நாய்

கடுகளவு என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். இல்லை, பயறளவு இருந்தது. இவ்வளவு காலத்துக்குப் பிறகு அதைச் சிறிதாக்கி என்ன காணப்போகிறேன். எங்கள் பெட்டை நாயின் கடைசி முலைக்குப் பக்கத்தில், தோலுக்குக் கீழே, விரலுக்கு வழுக்கிக்கொண்டு ஓடிய கட்டி. உண்ணி பார்க்கக் கை வைத்தபோது அகப்பட்டது.

உண்ணி பார்ப்பது என் அன்றாட வேலை. ஓர்ஸ் ஹில் என்ற மேட்டுக்குக் கீழே, உள்துறைமுகத்துக்குப் போகிற ஒழுங்கையில் எங்கள் வீடு. துறைமுகத்தில் மூட்டை இறக்கிய என் கணவர் அந்த நாயைக் குட்டியாகச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்த நாள் தொடக்கம் எனக்கு நிம்மதி போயிற்று. அது சாப்பிடாவிட்டால் பயம். கூடச் சாப்பிட்டாலும் பயம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள்; நோய்களைப் பற்றித் தெரியாது, அவற்றின் பெயர்களுக்குப் பயப்பட மட்டும் தெரியும்.

அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னேன்.

“இஞ்சேருங்கோ, இதில ஒரு கட்டி கிடக்கு. ஒருக்காத் தொட்டுப் பாருங்கோவன்.”

“நாய் தும்மினாலே தந்தி அடிக்கிற ஆள் நீ. பால் கட்டியிருக்கும், விடு.”

“இது குட்டி போட்டு மூண்டு வருசமாச்சு. எங்கால பால்?”

“அப்ப மாட்டு டொக்டரிட்டக் கொண்டுபோய் என்னெண்டு சொல்லப்போறாய்? எங்கட பொம்பிளைக்கு நெஞ்சில கட்டியாம் எண்டோ?”

அவர் சிரித்தார். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. பெண்களுக்கு வந்தாலே வாய்விட்டுச் சொல்லாத இடம் அது. எங்கள் ஒழுங்கையில் ஒருத்தி மார்புப் புண்ணைச் சேலையால் மூடிக்கொண்டு சமைத்தும் துவைத்தும் திரிந்துவிட்டு, சாவதற்கு முந்தின கிழமைதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவள் தனக்காகச் சொல்லாததை நான் ஒரு நாய்க்காக எந்த ஆம்பிளையிடம் போய்ச் சொல்வது?

மாட்டு டொக்டர் என்று நாங்கள் சொன்ன மிருக வைத்தியர், வருடத்துக்கு ஒரு தரம் விசர்நாய்த் தடுப்பூசி போட எங்கள் சந்திக்கு வருவார். கட்டி கண்ட இரண்டாம் மாதம் வந்தார். ஊசி போட வருகிறவர்கள் நோய் நாய்களைப் பார்த்து வைத்து, பிறகு நாய் பிடிக்கிற வண்டிக்குச் சொல்லிவிடுவார்கள் என்று எங்கள் பக்கம் ஒரு கதை. யார் கண்டது என்று ஒருவரும் கேட்டதில்லை. சொறி பிடித்த நாய்களை அன்றைக்கு எல்லோரும் ஒளிப்பார்கள். நானும் ஒளித்தேன். குசினிக் கதவைச் சாத்தி, அடுப்புக்குப் பக்கத்தில், குரைக்காமல் இருக்கக் கருவாட்டைத் துண்டு துண்டாகக் கொடுத்துக்கொண்டு நாயை மடியோடு அணைத்தபடி இருந்தேன். கூப்பிடு தூரத்தில், வேப்பமரத்தின் கீழே, அந்தக் கட்டியை வெட்டி எடுக்கத் தெரிந்த மனிதர் கதிரை போட்டு இருந்தார்.

அடுத்த வருடமும் ஒளித்தேன். அப்போது அது எலுமிச்சங்காயளவு. கட்டிக்கு நல்லது என்று பக்கத்து வீட்டுக்காரி எப்போதோ சொன்னதை நம்பி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினேன். நாய் அதை நக்கி நாக்கு வெந்ததுதான் மிச்சம்.

மாரி மழையோடு கட்டி வெடித்தது. மணம் தாங்காமல் கணவரே ஒரு தள்ளுவண்டி கேட்டு வாங்கி, நாயைச் சாக்கில் கிடத்தி வைத்தியரின் கந்தோருக்குத் தள்ளிக்கொண்டு போனார். நான் பின்னால் நடந்தேன்.

வைத்தியர் மூக்கைப் பொத்தவில்லை. ஒவ்வொரு முலையாகத் தொடையிடுக்கு வரைக்கும் தடவிப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

“புற்றுநோய், தங்கச்சி. நெஞ்சுக்குள்ளயும் பரவியிட்டுது போல. மூச்சு எடுக்கிற விதம் சரியில்லை. இனி வெட்ட ஏலாது. எப்ப கண்டனீங்கள்?”

“போன மாசம், ஐயா.”

வாயில் அப்படி வந்துவிட்டது. கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒரு மாசத்தில இவ்வளவோ? அப்ப இது சரியான வேகமான சாதி. சிலது மெல்ல மெல்லத்தான் வளரும். கடலையளவில கொண்டுவந்தால் மயக்கிப்போட்டு வெட்டி எடுத்துவிடுவன். பிறகு கனக்க நாயள் நல்லா இருக்குதுகள். இதில உங்களில பிழை இல்லை. மனதைப் போட்டுக் குழப்பாதேங்கோ.”

நோகாமல் உயிர் போக ஊசி ஒன்று போடட்டுமா என்று கேட்டார். ஓம் என்று கணவர்தான் சொன்னார்.

ஒழுங்கையில் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னதும் அவர்தான். “டொக்டரே சொல்லிப்போட்டார், ஒண்டும் செய்திருக்க ஏலாதாம்.” என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, தன்னைக் காப்பாற்றச் சொன்னாரா, இன்றைக்கும் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் பிறகு அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை.

சில மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரி வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“எங்கட பூனைக்கும் வயித்தில ஒரு சின்னக் கட்டி, அக்கா. கையில தட்டுப்படுது. டொக்டரிட்டக் கொண்டுபோவமோ எண்டு யோசிச்சன். பிறகு உங்கட நாயை நினைச்சன். அவராலயே ஏலாமல் போச்சுதெல்லே. வீணா அந்தச் சீவனை ஏன் அலைக்கழிப்பான்?”

உடனே கொண்டுபோ, சின்னதாக இருக்கும்போது வெட்டி எடுக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். கேட்டால், குசினிக் கதவைச் சாத்தியதிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பயந்த நாக்கு எனக்கு. தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டேன்.

பூனை அந்த வருடத்து ஊசி நாளுக்கு முன்னமே செத்துப்போனது. அவள் அழுதுகொண்டு வந்து, என் கையைப் பிடித்து, “உங்களுக்குத்தான் அக்கா இது விளங்கும்” என்றாள்.